இன்னும் கொஞ்சம் மஞ்சள்

“மஞ்சள் போயிடுச்சா, பாரு.”

வேன்காரர் தலையைத் திருப்பாமலே கேட்டார். அவர் கை, வேனின் வலது விளக்கின் மேல் ஈர உப்புத்தாளை இழுத்துக்கொண்டிருந்தது.

மனைவி குனிந்து பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்குங்க.”

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

கேட்டால் யாரும் சிரிப்பார்கள். காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்று விழாத குறை. அழுக்கு போகவில்லை என்றதும் நிம்மதியாக மூச்சு விடுகிற மனிதனை எங்கே பார்க்க முடியும்?

ஆனால் புதன்கிழமை சாயங்காலம் நடந்தது அவரை இன்னும் விடவில்லை.

சிறப்பு வகுப்பு முடிந்த பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிக்கொண்டு வந்தார். மழை இருட்டு. கடைசியாக இறங்கியவள் வாயாடி. ஏழு வயது. ஏறினால் இறங்கும் வரை வாய் ஓயாது என்பதால் வேன் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வண்டியை நகர்த்தினார்.

வாயாடி வேனுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

பிரேக்கை மிதித்தபோது பம்பருக்கும் அவள் புத்தகப் பைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அன்றைக்கு அந்தக் குழந்தையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

“எல்லாம் இந்த லைட்டு பண்ற வேலை” என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னார். பத்து வருடத்து வண்டி. வெயில் பட்டுப் பட்டு விளக்கின் மூடி காமாலை கண்டதுபோல் ஆகிவிட்டது. உள்ளே எரிவது வெளியே வந்தால்தானே?

விளக்கு என்றால் தேய்த்துவிடலாம்.

கோளாறு விளக்கில் இல்லை என்றால்?

அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பை நிறுத்திவிடுவார். வியாழனும் வெள்ளியும் மழைக்காகப் பள்ளிக்கூடம் இல்லை. திங்கட்கிழமை காலை பதினான்கு பிள்ளைகள் வாசலில் காத்து நிற்பார்கள்.

“தண்ணி ஊத்து.”

ஊற்றினாள். பெயின்ட் உரியாமல் இருக்கச் சுற்றிலும் ஒட்டியிருந்த டேப்பின் மேல் தண்ணீர் வழிந்தது. முதலில் முரட்டுத் தாள், அப்புறம் அதைவிட மெல்லிசு, கடைசியில் பட்டுபோல் ஒன்று. வழிகிற தண்ணீர் வெள்ளையாக வந்தால் மஞ்சள் போய்விட்டது என்று கணக்கு. கடைக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

அவர் பார்த்தார். மஞ்சளாகத்தான் ஓடியது.

“தண்ணி என்ன கலர்ல வருது?”

“மஞ்சளாத்தான் வருது.”

அவர் கண்ணுக்கும் மஞ்சள். அவள் கண்ணுக்கும் மஞ்சள். அப்படியென்றால் கோளாறு விளக்கில்தான்.

பக்கத்தில் வாளியில் சோப்பு நுரை இருந்தது. அதுவும் லேசாக மஞ்சளடித்த மாதிரித் தெரிந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இத்தனை அக்கறையா ஒரு நாள் பாத்திரம் தேய்ச்சிருந்தா நான் மகாராணியா இருந்திருப்பேன்” என்றாள் மனைவி. வழக்கமாக இதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

தாள் வேலை முடிந்தது. பாலிஷை விரலில் எடுத்துப் பூசித் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்தார். பத்து நிமிடம். இருபது நிமிடம். உள்ளங்கை சுட்டது.

“இப்போ?”

கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது.

“இன்னும் கொஞ்சம்...”

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். வம்பளக்காமல் இந்த வாசலைத் தாண்டினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வேனுக்கு முன்னால் நின்றவர், குனிந்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். விளக்கைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார்.

“என்னண்ணே, புது லைட்டா? கண்ணாடி தோத்துடும் போங்க! எனக்கே என்னைப் பாத்தா சுமாரா இருக்கேன்னு தோணுது!”

யாரும் சிரிக்கவில்லை.

“ஏன் அண்ணி, நான் ஏதாவது தப்பா...”

மனைவி வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். தையல்காரர் சீப்பைப் பையில் செருகிக்கொண்டு மெல்ல நழுவிவிட்டார்.

வேன்காரர் விளக்கின் மேல் கட்டைவிரலை வைத்தார். எண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. எங்கும் ஒரு சொரசொரப்பு இல்லை.

குனிந்து பார்த்தார். மஞ்சளாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் மஞ்சள் விளக்கில் இல்லை. வேனின் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“திங்கட்கிழமைக்கு வேற வண்டி பாத்துக்கச் சொல்லி, பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிடு.”

“வியாழக்கிழமையே பண்ணிட்டேங்க.”

அவர் நிமிர்ந்தார். வியாழக்கிழமை காலையில் அவர் உப்புத்தாளே வாங்கியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் அதை வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

“நீங்க கடைக்குப் போன நேரம் வாயாடியோட அம்மா வந்தாங்க” என்றாள். “சண்டைக்கு வரல. அழுதுட்டுத்தான் வந்தாங்க. ராத்திரியெல்லாம் குழந்தை ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துதாம்.”

“என்னன்னு?”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலிஷும் வியர்வையுமாக அது பிசுபிசுத்தது.

“‘நான் கை காட்டினேம்மா. வேன் மாமா என்னையே பாத்துக்கிட்டுத்தான் வண்டிய எடுத்தாரு.’”