இங்கேயே குடிக்க வேண்டும்

ஜெயம்மா பால் கோப்பையை வாயிலிருந்து எடுத்ததும் ஸுபைதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இன்றைக்கு விடுவதில்லை.

பிள்ளை திமிறவில்லை. உதட்டை இறுக்கி மூடியபடி, மற்றக் கையால் கோப்பையை மெதுவாகப் பலகையில் வைத்தாள்.

ஸுபைதாவுக்குச் சந்தேகம் வெற்றிலை மாதிரி. ஒரு வேளை இல்லாவிட்டால் தலை சுற்றும். பாற்காரன் தண்ணீர் கலந்தானா என்று தினமும் விரலை விட்டுப் பார்ப்பாள். சீனி குறைந்திருந்தால் வேலைக்காரியை விட்டுவிட்டுக் கட்டின கணவனைத்தான் முதலில் முறைப்பாள்.

றப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை வேலையால் நிறுத்திய வருஷம் அது. தோட்டத்து லய வீடுகளை விட்டு இறங்கிய சனம் இரத்தினபுரிச் சந்தைக்குப் பின்னால், ஆற்றோரத்தில், தகரத்தையும் சாக்கையும் கட்டிக் குடியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் ஆளுக்கொரு கோப்பை பால் கொடுப்பதென்று ஊர்ப் பெண்கள் சங்கம் முடிவெடுத்தது. தன் வீட்டு முற்றத்தில் காய்ச்சி ஊற்றும் பொறுப்பை ஸுபைதா வலியப்போய் வாங்கிக்கொண்டாள். உன்னை ஏய்த்துவிடுவார்கள், கடைத்தெருவே சிரிக்கப்போகிறது என்றார் அவள் கணவர் கபூர். அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

முதலில் செம்பிலும் போத்தலிலும் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு, அந்தப் பாலில் பாதி மூலைத் தேத்தண்ணிக் கடையில் கொதிக்கிறது என்று ஒரு கதை வந்தது. கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஸுபைதாவுக்கு அது தேவையுமில்லை.

மறுநாளே சட்டம் போட்டுவிட்டாள். செம்பு கூடாது, போத்தல் கூடாது. என் கண் முன்னால், இங்கேயே குடிக்க வேண்டும். வரிசையில் தானாக நிற்க முடியாத சின்னதுகளைக் கொண்டுவரக் கூடாது, சிந்திவிடும்.

அன்றிலிருந்துதான் இந்த ஜெயம்மாவின் கூத்து.

மற்றப் பிள்ளைகள் குடித்து முடித்ததும் இரைந்தன, தங்களுக்குள் அடிபட்டன, இன்னொரு மடக்கு தரச்சொல்லிக் கெஞ்சின. இவள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பெயர் கேட்டால்கூடப் பின்னால் நிற்கும் பிள்ளைதான் சொல்ல வேண்டும். குடிப்பாள், திரும்புவாள், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள்.

நேற்றுத்தான், கோப்பை கழுவ வரும் கொழுந்தன் பெண்சாதி லதீபா காதோடு சொன்னாள்.

“எங்கட ஊட்டுப் பால அந்தப் புள்ள முழுங்குறல்ல ராத்தா. வெளிய போய்த் துப்புது போல.”

இந்தப் பாலைக் குடித்தால் பிள்ளைகளின் பேரை மாற்றி, வேதத்தையும் மாற்றிவிடுவார்கள் என்று ஆற்றோரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை நம்பும் தாய் என்னதான் சொல்லிக்கொடுக்க மாட்டாள்? குடிக்கிற மாதிரிக் குடி, வெளியே வந்து துப்பிவிடு.

அப்படி இருந்தால் நாளையிலிருந்து இந்தக் கோப்பை வேறொரு பிள்ளைக்கு. பால் போதாமல் வரிசையில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டு நின்றன.

“வாயத் தொற.”

ஜெயம்மா தலையை ஆட்டினாள்.

ஸுபைதா குனிந்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் அவள் கன்னங்களில் வைத்து அழுத்தினாள்.

பால் பீறிட்டது. மோவாயில், சட்டையில், ஸுபைதாவின் கைவளையலில் எல்லாம் வழிந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

ஸுபைதாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்கக் கூடாது. நினைத்தது சரியாய்ப் போன சந்தோஷம். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

“நாளைக்கி இந்தப் பக்கம் வராத.”

சொன்ன கையோடு கோப்பையை எடுத்துப் பாலை ஊற்றி, வேலியோரம் நின்ற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஜெயம்மா அழவில்லை. அவளுக்கு அது காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை. பால் வழியத் தொடங்கியபோதே இரண்டு கையையும் மோவாய்க்குக் கீழே ஏந்தியிருந்தாள். விரல் இடுக்கால் ஒழுகி, கடைசியில் உள்ளங்கையில் ஈரம்தான் மிஞ்சியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

துப்பப்போகிற பிள்ளை எதற்குக் கையை ஏந்துகிறாள்?

அந்தச் சந்தேகம் ஸுபைதாவைச் சும்மா இருக்க விடவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலிப் படலை வரைக்கும் பின்னாலேயே போனாள். வீட்டு ஆண்கள் பார்த்தால் ஏசுவார்கள் என்பதுகூட நினைவில்லை.

படலைக்கு வெளியே, மதகடியில், ஒரு சாக்குத் துண்டின்மேல் சின்னது ஒன்று உட்கார்ந்திருந்தது. எழுந்து நிற்கும் வயசுதான். நிற்கத் தெம்பில்லை.

அக்காவைக் கண்டதும் அது கழுத்தை அண்ணாந்து வாயைத் திறந்தது.

ஜெயம்மா அதற்கு முன்னால் குந்தினாள். அவள் குரலை ஸுபைதா அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டாள்.

“இன்னைக்கு இல்ல பாப்பா.”

பாப்பா வாயை மூடவில்லை.