நிலைக்காலில் இருந்த கோடு

“அண்ணி, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க!”

சமையலறைப் பின்வாசலில் மனைவி போட்ட கத்தலில், தோட்டத்தில் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் ஓடி வந்தான்.

கணவனின் அக்கா வாசலருகே நின்றிருந்தாள். புடவையெல்லாம் மரச்சுருள். கையில், தச்சர்கள் விட்டுப்போன இழைப்புளி. நேற்றுவரை கறுத்து மினுமினுத்த இடது நிலைக்கால், முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரம்வரை தோலுரித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

“நூத்தம்பது வருஷத்து மரம்! இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்க நான் யாரையும் விடல. சுவத்துக்குச் சுண்ணாம்பைக்கூட அந்தக் காலத்து மாதிரியே அரைச்சுப் பூசினேன். நாம காலையில நடந்துட்டு வர்றதுக்குள்ள சீவித் தள்ளிட்டாங்க உங்க அக்கா!”

அவன் நிலையைப் பார்த்தான். முகம் சிவந்தது.

“அக்கா, உனக்கு மூளை கெட்டுப் போச்சா? இப்ப பத்திரிகையிலேர்ந்து வராங்க. அட்டைப் படமே இதுதான்.”

“தெரியும். நீதானே போன்ல அவ்வளவு பெருமையா சொன்னே. அதான் பஸ் ஏறி வந்தேன்.”

அந்த நிலைக்கால்தான் வீட்டின் பெருமை. பழைய பெயின்டைச் சுரண்டும்போது மனைவி கண்டுபிடித்தது. குறுக்கே ஆழமாக ஒரு கோடு. அதற்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்திக் கீறல்கள். வீட்டுப் பிள்ளைகளை நிற்கவைத்து, வளர வளர அளந்த அடையாளங்கள். வார இறுதியில் வரும் விருந்தாளிகளைக் கூடத்து விதானத்தைக்கூடப் பார்க்கவிடாமல் முதலில் இங்கேதான் அழைத்து வருவாள். கணவன் அதில் முதுகைச் சாய்த்து நிற்பான்.

“என்னையும் சின்ன வயசுல இதுல நிக்க வெச்சு அளந்திருக்காங்க. கைமாறிப் போன பூர்வீக வீடு. சம்பாதிச்சு மீட்டேன்” என்பான். வந்தவர்கள் உருகிப் போவார்கள்.

“சொல்லுங்க அண்ணி, எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?”

அக்கா இழைப்புளியில் சிக்கியிருந்த சுருளை விரலால் தட்டிவிட்டாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை மில் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தவள். அந்த ஒன்றுக்காகத்தான் தம்பி மனைவி இத்தனை நாள் வாயை அடக்கியிருந்தாள். இன்று அடங்கவில்லை.

“வீடு வாங்கின நாள்லேர்ந்து கூப்பிடுறோம். ஒரு தடவை எட்டிப் பார்த்தீங்களா? இதுக்காகத்தான் வந்தீங்களா? தம்பி நல்லா இருந்தா உங்களுக்கு வயிறு எரியுதா?”

“எரியத்தான் செய்யுது.”

“கேட்டுக்குங்க! அவங்க வாயாலயே சொல்றாங்க!”

“விடு, நான் பேசிக்கிறேன்” என்றான் அவன். பிறகு அக்காவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, “இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே. ஊருக்கு வண்டி சொல்றேன், கிளம்பு” என்றான்.

“கிளம்பத்தான் போறேன். வேலை முடிஞ்சுது.”

வெளியே கார் வந்து நின்றது. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்திரிகைக்காரி நேராகப் பின்வாசலுக்கே வந்துவிட்டாள். நிலையைப் பார்த்ததும் நின்றாள்.

“ஐயோ, இதுதானா அது? போட்டோ அனுப்பினப்பவே கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பெரிய கோட்டுக்கு மேல ஒரு கீறல்கூட இல்லையே. இந்த வீட்டுப் பிள்ளைங்க அதுக்கு மேல வளரவே இல்லையா?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“வளர விடல” என்றாள் அக்கா.

“அக்கா, உள்ள வா. அப்புறம் பேசிக்கலாம்.” அவன் குரல் திடீரென்று இறங்கியிருந்தது.

“இப்பதானே கிளம்புன்னே? சொல்லிட்டுக் கிளம்புறேன்.” அக்கா பத்திரிகைக்காரியிடம் திரும்பினாள். “அளந்தது வீட்டுப் பிள்ளைங்களை இல்லம்மா. அவங்க முன்வாசலோட சரி. இது வேலைக்காரங்க பிள்ளைங்க வர்ற வாசல்.”

முற்றத்துக் கல்தொட்டியை இழைப்புளியால் சுட்டினாள். தம்பி மனைவி அதில் அல்லிக்கொடி விட்டிருந்தாள். நான்கைந்து பூ மலர்ந்திருந்தது.

“கோட்டைத் தலை தொட்டா, கை அந்தத் தொட்டி விளிம்பை எட்டும்னு கணக்கு. மறுநாள்லேர்ந்து கிணத்துத் தண்ணி சுமந்து அதை ரொப்பணும். அடிக்கடி நிக்க வெச்சுப் பார்ப்பாங்க. நாங்க புடவைத் துணிப் பாவாடைக்குள்ள முழங்காலை மடக்கிக்கிட்டு நிப்போம். கண்டுபிடிச்சா முட்டியிலேயே அடி விழும்.”

மனைவி கணவனைப் பார்த்தாள்.

“பூர்வீக வீடுன்னு சொன்னீங்க?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. வெளுத்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்திரிகைக்காரி காமிராவின் மூடியைப் போட்டாள்.

“அந்தப் பொய் என்னோடதுதான் அக்கா, ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கோடு எதுக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நிக்க வெச்சு அளந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. ஆசையா அளந்தாங்கன்னுதான் இத்தனை வருஷம் நினைச்சேன். தண்ணி சுமந்த ஞாபகமே எனக்கு இல்லையே?”

அக்கா இழைப்புளியை வாசற்படியில் வைத்தாள். வலது தோள் எப்போதும்போல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

“எப்படிடா இருக்கும்? உன் தலைக்கும் கோட்டுக்கும் ரெண்டு விரல் இடைவெளி இருக்கும்போதே உன்னை முதுகுல ஏத்திக்கிட்டு இந்த வாசல் வழியா ஓடிட்டேனே!”