நைனார்பாளையத்துப் போன்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களுக்காக, மதம் கலக்காத குழு ஒன்றைக் கள்ளக்குறிச்சியில் தொடங்கியிருந்தாள் சப்ரின். இதுவரை இரண்டே குடும்பங்கள்தான் சேர்ந்திருந்தன. நைனார்பாளையத்திலிருந்து ஆண்டாள் என்பவர் இன்று மட்டும் நான்காம் முறையாகப் போன் செய்தார்.

"சாமி பாட்டு பாடணுமாங்க?"

"எந்த மதமும் கிடையாதுன்னு காலையிலயே சொன்னேனே!"

"அடிப்பீங்களா?"

"மாட்டோங்க."

"தப்பா எழுதினா மத்த புள்ளைங்க சிரிக்குமா?"

சப்ரினுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாங்க இது, எத்தினி கேள்வி! உங்க புள்ளைக்கு வயசு இன்னா, அத மொதல்ல சொல்லுங்க."

ஆண்டாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புள்ளைக்கு இல்லீங்க, எனக்குத்தான். நாப்பத்தாறு ஆவுது. மூணாவதோட நின்னுட்டேன்."

சப்ரினுக்கு வெட்கமாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை நோட்டு எடுத்துக்கினு வாங்கக்கா. பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன்."