கெடுதல் எண்

பையில் தீப்பெட்டி, தீப்பெட்டிக்குள் பன்னிரண்டு மாவு வண்டுகள். பூனை மாதிரி படியேறினேன்.

திங்கள்கிழமை, காலை ஏழு மணி. சார் வந்து வண்டுகளை எண்ண இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மாடி ஆய்வகத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன ஜாடி. அரைக் கிலோ மாவு. அதை நம்பி இரண்டு இனம், சிவப்பு வண்டும் கறுப்பு வண்டும். ஒரே சாப்பாட்டை நம்பி இரண்டு இனம் இருந்தால் ஒன்று அழிந்தே தீரும் என்பது கணக்கு.

சிவப்புதான் மிஞ்சும் என்றது என் சமன்பாடு. கறுப்புதான் என்றது என்னோடு ஆய்வு செய்யும் தசமத்தின் சமன்பாடு. காய்ச்சலைக்கூட நாலு தசம இடத்துக்குச் சொல்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

எங்களுக்கும் ஒரே ஒரு வேலைதான் காலி. யாருடைய வண்டு மிஞ்சுகிறதோ அவருக்கு வேலை, மற்றவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எண்பது நாளில் தெரிந்துவிடும் என்றார் சார்.

இன்றோடு இருநூற்றுப் பத்து.

மூன்றாம் மாதம் சிவப்பு மளமளவென்று குறைந்து, பிறகு தானாகத் தேறியது. அன்று நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த மாதம் கறுப்பு படுத்தது. அதுவும் எழுந்து உட்கார்ந்தது.

பாவம், சார்தான் இளைத்துப் போனார். ஓர் இனத்தால் இன்னொன்றுக்கு எவ்வளவு கெடுதல் என்பதற்குக் கணக்கில் ஓர் எண் உண்டு. போன வாரம் அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. அதாவது, இரண்டும் ஒன்றையொன்று வாழவைக்கின்றன! உலகத்தில் எங்கேயும் இப்படிக் கிடையாது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். நானும் கூடச் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்.

கதவைத் தள்ளினேன்.

ஜாடி திறந்திருந்தது. அதன்மேல் குனிந்தபடி தசமம். கையில் தீப்பெட்டி.

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. நானும் அதே திருட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை. பாய்ந்து போய்ப் பெட்டியைப் பிடுங்கித் திறந்தேன்.

பத்துப் பதினைந்து வண்டுகள் மிரண்டு ஓடின. எல்லாம் சிவப்பு. என் வண்டு.

"மூணாம் மாசமே உன்னோடது சாகக் கிடந்துச்சு," என்றான் தரையைப் பார்த்தபடி. "நீ போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடறது?"

அப்படியானால் இவன் எப்போதோ ஜெயித்துவிட்டான். கடங்காரன், சொல்லவேயில்லை.

பையிலிருந்து என் தீப்பெட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். திறந்து எண்ணினான். வழக்கம்போல் இரண்டு தடவை.

பன்னிரண்டும் கறுப்பு.

அன்றைக்கென்று சார் சீக்கிரமே வந்துவிட்டார், வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பெட்டிகளையும் ஜாடிக்குள் கவிழ்த்து, ஆளுக்கொரு கை போட்டு மூடியைத் திருகினோம்.

அன்றைக்குக் கெடுதல் எண் இன்னும் கீழே இறங்கியது.