நாலு புள்ளி இரண்டு

லூயிஸின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. மூடிய இமையில் தடவியிருந்த ஜெல் ஜில்லென்றுதான் இருக்கும். இது சூடாக இருந்தது.

ஸ்கேன் எடுக்கிற சந்திரகலா அழுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

அவருடைய வலது கண்ணுக்குள், பின்பக்கமாக, ஆறு வருஷமாய் ஒரு கட்டி குடியிருக்கிறது. ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர். சாதுவான கட்டிதான், ஆனால் வளர ஆரம்பித்தால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முத்தியால்பேட்டையிலிருந்து வந்து அளந்துகொண்டு போவார்.

மில்லிமீட்டர் அவருக்குப் புதிதல்ல. ஞாயிறு பூசை முடிந்ததும் பெத்தாங் என்கிற பிரெஞ்சுக் குண்டு ஆட்டம். சின்ன மரக்குண்டுக்குக் கிட்டத்தில் விழுந்தது யாருடைய இரும்புக்குண்டு என்று நாடா பிடித்து நாற்பது வருஷமாகச் சண்டை போடுகிறவர். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. கண் போனால் ஆட்டமும் போச்சு, அப்புறம் வாழ்க்கையில் மிச்சம் மனைவி ரோசாவின் சமையல்தான்.

அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். சந்திரகலா அதை ஒருநாளும் மதித்ததில்லை. கருவியை எடுக்கும்போதே, "அப்டியேதான் இருக்கு முசே, போயி குண்டு உருட்டுங்க" என்று, 'ஐயா'வுக்குப் பதில் பிரெஞ்சு 'முசே' போட்டு அனுப்பிவிடுவாள்.

இன்று பேச்சே இல்லை. உள்ளே வரும்போது, "இன்னாம்மா, மை போடுற எடத்துல ஜெல்லு மினுக்குது?" என்று அவர் சீண்டியபோதுகூடச் சிரிக்கவில்லை. "புது மெஷின் வந்திருக்கு, படுங்க" என்றாள்.

"இன்னாம்மா, சத்தத்தையே காணோம்?"

"டாக்டர் சொல்லுவாரு முசே."

ஆறு வருஷத்தில் கேட்டிராத பதில். லூயிஸ் படுத்தபடியே வில்லியனூர் மாதாவுக்கு வெள்ளியில் ஒரு கண் வாங்கி வைப்பதாக வேண்டிக்கொண்டார். பயத்தில் அதை உடனே இரண்டாக்கினார்.

"ரெண்டா? மூணா? சொல்லிடு, நான் தாங்கிப்பேன்."

"அசையாதீங்க."

துடைக்கப் பஞ்சு எடுக்க அவள் திரும்பினாள். லூயிஸ் எழுந்து உட்கார்ந்தார். மேஜையில் கிடந்த ஒரு படத்தைக் கையில் எடுத்தார். கறுப்பு நடுவே வெள்ளையாய் ஒரு மேடு, காளான் மாதிரி. மூக்குக்கண்ணாடி இல்லாத இடது கண்ணுக்குப் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. 4.2.

நாலு புள்ளி இரண்டு. இந்த வித்தியாசத்துக்கு நாடாவே தேவையில்லை.

ஆனாலும் ஒரு சின்னப் பெண் தனக்காக அழும்போது தானும் அழுவது அழகில்லை என்று பட்டது.

"அழுவாத சந்திரா. ஒரு கண்ணு போனா இன்னா இப்ப? இன்னொண்ணு இருக்குல்ல? அதுவே போதும்மா, எல்லாம் பழகிடும்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் கையிலிருந்த படத்தை மெல்ல உருவிக்கொண்டு, வேறொன்றை வைத்தாள்.

"உங்களுது இதான் முசே. ஒண்ணு புள்ளி ஆறு. அப்டியேதான் இருக்கு."

லூயிஸ் கட்டிலிலிருந்து குதித்த குதியில் ஜெல் டப்பா உருண்டு ஓடியது. இரண்டு வெள்ளிக் கண்ணை மறுபடி ஒன்றாக்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, வாசல்வரை போய்த் திரும்பிச் சிரித்தார்.

"உசுரே போயிடுச்சும்மா! அப்ப அந்த நாலு புள்ளி ரெண்டு எந்தப் பாவியோடது?"

சந்திரகலா இமையை அழுத்தித் துடைத்தாள்.

"புது மெஷின் சரியா ஓடுதான்னு காலையில என் கண்ணுலதான் வெச்சுப் பாத்தேன், முசே."