நடுவரின் வெள்ளி டாலர்

லோவெல் டீட்ஸ் பெட்டியைத் திறந்ததும் மேஜையைச் சுற்றியிருந்த பதினோரு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே 1795-ஆம் வருஷத்து வெள்ளி டாலர். போன மாதம்வரை மழைமேகம் போலக் கறுத்திருந்த காசு, இன்று கடையில் வாங்கின புது ஸ்பூன் மாதிரி மின்னியது.

கிளெண்டா ஹாஸுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒஹாயோவில் அந்தச் சின்ன ஊரின் நாணயச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். சனிக்கிழமை மதியம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். பத்தொன்பது வருஷமாக லோவெல்தான் நடுவர். லென்ஸை வைத்துப் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று அவர் மார்க் போட்டால் போட்டதுதான். அதை வைத்துத்தான் விலை.

பழைய வெள்ளிக்கு அந்தக் கறுப்புதான் உயிர். ஆசைப்பட்டுத் தேய்த்தால் பாதி விலை போச்சு. அப்படி ஒன்று கையில் சிக்கினால் லோவெல் அட்டையில் சிவப்பு மையால் 'தேய்த்தது' என்று எழுதி, எழுந்து நின்று வாசிப்பார். கிளெண்டாவின் அரை டாலருக்கும் வாசித்திருக்கிறார். விவசாயி ஆரின் ப்ரூவிட்டின் காசுக்கு மூன்று தடவை. டிராக்டரோடு சேர்த்துக் கழுவினாயா என்று வேறு கேட்டார்.

தேய்த்த காசு கொண்டுவருகிறவர் நடுவராக இருக்கக் கூடாது என்ற விதியும் அவர் எழுதியதுதான். வருஷத்துக்கு ஒருமுறை நடுவரும் தன் காசைச் சபையில் வைக்க வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த வழக்கம். இன்றைக்குத்தான் அந்த நாள்.

"யார் தேய்ச்சது?" என்றார் ஆரின்.

லோவெல் சமையலறைக் கதவைப் பார்த்தார். போன வசந்தத்தில் அவர் கட்டிக்கொண்ட வெர்னா முதல்முறையாகச் சங்கத்துக்கு வந்து, உள்ளே ஆப்பிள் பை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா."

பெண்டாட்டி முன்னால் வெட்கமாக்கும் என்று கிளெண்டா நினைத்துக்கொண்டாள்.

"எதுல தேய்ச்சீங்க?"

"சோப்புல." கொஞ்சம் யோசித்தார். "ஏதோ ஒரு சோப்பு."

பத்தொன்பது வருஷத்துக் கோபமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. ஒருத்தர் அடுத்த தடவை வாஷிங் மெஷினில் போடச் சொன்னார். இன்னொருத்தர் தன் காரையும் துடைத்துத் தர முடியுமா என்று விசாரித்தார். லோவெல் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். இந்தச் சனிக்கிழமைக்காகவே சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிற மனுஷன்.

கிளெண்டா விதிப் புத்தகத்தை எடுத்து, அவர் எழுதிய அந்த விதியையே நிறுத்தி நிதானமாக வாசித்தாள். லோவெல் கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

பதினோரு கையும் தூக்கி ஆரினைப் புது நடுவராக்கினார்கள். அவர் கேட்பதற்கு முன்பே கிளெண்டா சிவப்புப் பேனாவை நீட்டினாள்.

சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கிறது, முதலில் தொண்டையை நனைத்துக்கொள்கிறேன் என்று ஆரின் சிரித்தபடி காபி எடுக்கச் சமையலறைக்குள் போனார். போனவர் காபி இல்லாமலே திரும்பி வந்தார். சிரிப்பையும் காணோம்.

உட்கார்ந்து லென்ஸை எடுத்துக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டையில் எழுதினார். எழுந்து நின்றார்.

"1795 டாலர். எழுபதுக்கு முப்பது. தேய்க்கல."

சபை கொதித்துவிட்டது. ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"ஆரின், அதுல உங்க மூஞ்சியே தெரியுது" என்றாள் கிளெண்டா.

"தெரியட்டும். நடுவர் எழுதினா எழுதினதுதான்னு விதியில இருக்கா இல்லையா? நீதானம்மா வச்சிருக்க, பாத்துச் சொல்லு."

இருந்தது.

"அப்போ தேய்க்காத காசுக்காக இவரை எதுக்கு எறக்கணும்?" என்று சொல்லி, ஆரின் லென்ஸை எடுத்து மறுபடி லோவெலின் கழுத்திலேயே மாட்டிவிட்டார். லோவெல் கைக்குட்டையை எடுத்து அந்த லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிளெண்டா நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிய வேகத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. ஆம்பளைகள் ஒருத்தருக்கொருத்தர் முதுகு சொறிந்துகொள்கிறார்கள். நாளைக்கு ஆரினின் காசுக்கெல்லாம் அறுபது மார்க் விழும், வேறென்ன? கட்டிக்கொண்டவளுக்காவது புருஷனின் லட்சணம் தெரியட்டும் என்று விடுவிடுவெனச் சமையலறைக்குள் போனாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வெர்னா அவள் கையில் ஒரு தட்டைத் திணித்தாள்.

"காசைப் பாத்தியா கிளெண்டா? எப்படி இருக்கு? நான்தான் தேய்ச்சேன். பேக்கிங் சோடா போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால ரெண்டு நாள். காபிக்கு வந்த ஆரின்கிட்டகூட இப்பதான் சொன்னேன். எல்லாருக்கும் காட்டணும்னு நான்தான் இவரை இதையே கொண்டாரச் சொன்னேன். இவரோட பிறந்தநாள் அன்னிக்குக் காலையில பெட்டியில வச்சுக் கொடுத்தேன் பாரு, திறந்து பாத்ததும் மனுஷனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அவ்வளவு சந்தோஷம்."