மூக்குள்ள மாப்பிள்ளை

“குடிக்கச் சொல்லலை தம்பி. மோந்து பாரு,” என்றார் நஞ்சப்பன்.

தீபக் கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கினான். பெண் கேட்டு வந்த வீட்டில், பெண்ணின் அப்பாவே பீர் ஊற்றி நீட்டுவார் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ரோஷினிக்கு அவன் போதும். அவள் அப்பாவுக்கு மட்டும் மூக்குள்ள மாப்பிள்ளை வேண்டுமாம்.

அமெரிக்காவில் அவர்கள் இருந்த பிளசன்டன் ஊரில் நஞ்சப்பனின் மூக்கு பிரசித்தம். கம்பெனி வேலையாக வருஷத்துக்கு நாலு தடவை ஐரோப்பா போய் வருகிறவர். பெல்ஜியம், செக், ஜெர்மனி, அயர்லாந்து என்று குடித்துத் தீர்த்த காலி பாட்டில்களை ஹால் சுவர் நெடுகக் கொலு வைத்திருந்தார். அமெரிக்க பீர் அவருக்குக் கார் கழுவுகிற தண்ணீர். அதைக் குடிக்கிறவர்கள் அந்தக் காருக்கும் கீழே.

பெல்டில் பேஜர், சட்டையில் கொலோன். ஒரு தடவை கை குலுக்கினால் மறுநாள் வரை நம் கையில் அவர் மணப்பார். இதற்கு முன் வந்த வரன் பீரில் போட ஐஸ் கேட்டானாம். அவனை வாசலோடு அனுப்பிவிட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் லிவர்மோர் கோயிலுக்குப் போயிட்டு வாங்க,” என்று மனைவியையும் மகளையும் கிளப்பினார். கிளம்பிய மரகதத்திடம் பால் கேனை நீட்டி, நன்றாக இருக்கிறதா பார் என்றார். அவள் மோந்துவிட்டு, “நாளைக்குத் தாங்காதுங்க. இப்பவே காய்ச்சி வெச்சிருங்க,” என்றாள். அவரும் அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தார்.

“டாட், ப்ளீஸ் பீ நைஸ்,” என்று சொல்லிவிட்டுப் போனாள் ரோஷினி. போகிற போக்கில் தீபக்கின் காதருகே, “டோன்ட் லை டு ஹிம்,” என்றாள்.

சிம்பொனி ஒன்றைச் சத்தமாக வைத்தார் நஞ்சப்பன். “இது பெல்ஜியம். என்ன வாசனை வருது?”

தீபக் மூச்சை இழுத்தான். “சென்ட் வாசனை மாதிரி இருக்கு அங்கிள்.”

நஞ்சப்பன் மூக்குக் கண்ணாடியை மாட்டி, பாட்டிலைத் திருப்பி லேபிளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டம்ளருக்குள் மூக்கை விட்டுக் கண்களை மூடினார். “ஆரஞ்சுத் தோல். கொத்தமல்லி விதை. சென்டாம். பவுடர் டப்பாவுக்குள்ள பொறந்தியா?”

அடுத்தது அயர்லாந்து, கன்னங்கரேலென்று. தீபக் இந்தத் தடவை நிதானமாக மோந்தான். ஏதோ தீய்ந்த வாசனை வருகிறது என்றான்.

நஞ்சப்பன் மறுபடி கண்ணாடியை மாட்டினார், பாட்டிலைத் திருப்பினார், கண்களை மூடினார். “வறுத்த பார்லி, காபிக் கொட்டை. வறுக்கறது வேற, தீய்க்கறது வேற. உங்கம்மா சமையல்ல வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?”

தீபக்குக்குச் சுருக்கென்றது. ரோஷினிக்காக விழுங்கிக்கொண்டான்.

“கடைசி. பவேரியா. ராஜா இதுதான். இதுலயும் உளறினா வாசல் அந்தப் பக்கம்.”

டம்ளர் முகத்துக்கு வருவதற்குள்ளேயே தீபக்குக்குக் குமட்டியது. பாட்டில் அவன் பக்கமே திரும்பியிருந்தது. கிராம்பு, வாழைப்பழம் என்று லேபிளில் தெளிவாகத் தெரிந்தது. அதை அப்படியே ஒப்பித்தால் கல்யாணம் நிச்சயம். ரோஷினி சொல்லிவிட்டுப் போனது காதிலேயே நின்றது.

“மன்னிச்சுக்குங்க அங்கிள். அழுகின முட்டை நாத்தம் அடிக்குது.”

நஞ்சப்பன் அவனைச் செருப்பில் ஒட்டிய எதையோ பார்ப்பது போலப் பார்த்தார். தன் டம்ளரை ஆழமாக மோந்து, சொக்கிப்போய்த் தலையை ஆட்டினார். “கிராம்பும் வாழைப்பழமும் கலந்து என்னமா வருது. இதைப் போய் முட்டைங்கறே. மூக்கில்லாதவனுக்கு இந்த வீட்டுல இடமில்லை தம்பி.”

தீபக் எழுந்தான். தலை லேசாகச் சுற்றியது. அவமானம் என்று நினைத்துக்கொண்டான்.

“இரு. மோக்கத்தான் தெரியலை, கலரையாவது கண்ணால பாத்துட்டுப் போ.” டம்ளருக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியை நிறுத்தினார். தீப்பெட்டியை எடுத்து உரசினார். குச்சி ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தார்.

கராஜ் கதவு திறந்தது. உள்ளே கால் வைத்த மரகதம் அப்படியே நின்றாள். மறுகணம் அர்ச்சனைத் தட்டு கீழே உருள, பாய்ந்து வந்து அவர் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டாள்.

“வெளிய போங்க, எல்லாரும்.”

ரோஷினி தீபக்கின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புல்வெளிக்கு ஓடினாள். உள்ளே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும் சத்தம் கேட்டது. மரகதம் மூச்சு வாங்க வெளியே வந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது. திருகு திறந்தபடியே கிடக்க, வீடு முழுக்க காஸ்.

டம்ளரும் கையுமாக வந்து நின்ற நஞ்சப்பன், பக்கத்து வீட்டு ஸ்பிரிங்க்ளரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு நாத்தம்... பக்கத்துலயே இருந்த அங்கிளுக்கு எப்படி ஆன்ட்டி தெரியாமப் போச்சு?” என்று கேட்டான் தீபக்.

மரகதம் புருஷனை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தீபக்கின் பக்கம் திரும்பினாள்.

“அவருக்கு மூக்கு செத்து ஆறு வருஷமாச்சுங்க, மாப்பிள்ளை.”